அகழியிலிருந்து ஆற்றங்கரைக்கு: சேற்றுத் தடையோட்டத்தின் புதுச்சேரித் தடம்

ஐந்து கிலோமீட்டரோ அதற்கு மேலோ நீளும் ஒரு பாதையில் சேற்றுக்குழி, மதில், தொங்கு கயிறு, தாழக் கட்டிய கம்பிவலை, நீர்த்தொட்டி ஆகியவற்றை இடையிடையே அமைத்து, ஓடுவோர் அவற்றை ஏறியும் குதித்தும் வயிற்றால் ஊர்ந்தும் கடக்கும்படி நடத்தப்படும் போட்டியே சேற்றுத் தடையோட்டம் ஆகும். தடகள மைதானத்தில் ஒரே உயரமுள்ள சட்டங்களைத் தாண்டி ஓடும் ஓட்டத்தினின்று இது வேறானது. அங்கே தடை ஓட்டத்தின் தாளத்துக்குள் அடங்கிவிடுகிறது, இங்கே தடை ஓட்டத்தையே நிறுத்திவிடுகிறது. இந்திய நகரங்களுக்கு இப்போட்டி 2012-ஐ ஒட்டியே வந்ததால் இதை மேற்கிலிருந்து இறக்குமதியான கேளிக்கை என்று பலரும் கருதுகின்றனர். ஆனால் இப்பாதையில் நிற்கும் தடைகளுள் பல, மனிதர் முன்னேறுவதைத் தடுக்க வேண்டும் என்ற உண்மையான நோக்கத்தோடு என்றோ போர்க்களங்களில் அமைக்கப்பட்டவையேயாகும்; அப்போர்க்களங்களுள் ஒன்று புதுச்சேரியின் தென்புறத்து ஆற்றங்கரையிலேயே இருந்தது.

செஞ்சிப் பகுதியில் தோன்றிக் கிழக்கு நோக்கி வரும் சங்கராபரணி ஆறு, கடலை நெருங்குமிடத்தில் அரியாங்குப்பம் ஆறு என்றும் சுண்ணாம்பாறு என்றும் இரு கிளைகளாகப் பிரிகிறது. கடலூர்ச் சாலை சுண்ணாம்பாற்றைத் தொடும் இடத்தில் இருக்கும் ஊர் நோணாங்குப்பம். இன்று சுற்றுலாத் துறையின் படகுக் குழாமுக்காக அறியப்படும் இவ்வூரின் நிலம், கடலின் ஏற்றவற்றத்துக்கேற்ப நனைந்தும் காய்ந்தும் கிடக்கும் உப்பங்கழி நிலமாகும். கால் வைத்தால் முழங்கால் வரை இழுக்கும் சேறும், அலையாத்தி மரங்களின் மூச்சுவேர்களும் (சேற்றுக்குள் காற்று புகாததால் மண்ணுக்கு மேலே குச்சிகளைப் போல நிமிர்ந்து வளரும் வேர்கள்) இந்நிலத்தின் இயல்பு. கடலூரிலிருந்து வடக்கே வரும் எந்தப் படையும் இந்த ஆறுகளையும் சேற்றையும் கடந்தே புதுச்சேரியை அடைய முடியும் என்பதால், நகரின் தெற்கு வாயிலைக் காத்த முதற்காவலே இந்த நீரும் சேறும்தான் எனலாம்.

1748-ஆம் ஆண்டில் ஆங்கிலேயக் கடற்படைத் தலைவர் எட்வர்ட் பாஸ்கவன், கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தின் புனித டேவிட் கோட்டையிலிருந்து பெரும்படையோடு புறப்பட்டு வந்தபோது இது மெய்ப்பிக்கப்பட்டது. அவருடைய படை முதலில் மோதியது அரியாங்குப்பத்தில் பிரெஞ்சுக்காரர் வைத்திருந்த சிறுகோட்டையோடு. அதன் வலிமையைச் சரிவர அறியாமல் நேரடியாகத் தாக்கிய முதல் முயற்சி பெருஞ்சேதத்தில் முடிந்தது. உள்ளே இருந்த வெடிமருந்து தற்செயலாக வெடித்துப் பலர் மாண்டபின்பே பிரெஞ்சுக்காரர் அக்கோட்டையைக் கைவிட்டு நகருக்குள் பின்வாங்கினர். அச்சிறுகோட்டைக்காக ஆங்கிலேயர் இழந்த நாட்கள், பின்னர் மழைக்காலம் நெருங்கியபோது அவர்களுக்கு எதிராகத் திரும்பின.

அக்காலத்து முற்றுகை என்பது பெரும்பாலும் மண்வெட்டியால் நடத்தப்பட்ட போராகும். கோட்டைச் சுவரின் பீரங்கிகளுக்கு நேரே செல்ல முடியாததால், தாக்குவோர் வளைந்து வளைந்து செல்லும் பதுங்குகுழிகளை வெட்டிக்கொண்டே சுவரை நெருங்குவர். இடையிடையே சுவருக்கு இணையாக நீண்ட குழிகளைத் தோண்டி அங்கே ஆட்களையும் பீரங்கிகளையும் நிறுத்துவர். பிரெஞ்சுப் பொறியாளர் வோபான் 1673-இல் மாஸ்திரிக்ட் முற்றுகையில் செம்மைப்படுத்திய இம்முறையில், முதல் இணைகுழி சுவருக்கு ஏறத்தாழ 800 கெஜத் தொலைவுக்குள் அமைவது வழக்கம். பாஸ்கவனின் படையோ நகரின் வடமேற்கே 1,500 கெஜம் எட்டத்தில் தோண்டத் தொடங்கியது. அரும்பாடுபட்டு 800 கெஜம் வரை முன்னேறியபின், அதற்கப்பால் கிடந்த சதுப்பைக் கடக்க இயலாமல் நின்றது. பிரெஞ்சுக்காரர் தேக்கி வைத்திருந்த நீரைத் திறந்துவிட்டு அச்சதுப்பையும் சுவரடி நிலத்தையும் மேலும் மூழ்கடித்தனர். ஐப்பசி மழை தொடங்கியதும் குழிகள் நீரால் நிரம்பின, நோய் பரவியது, அக்டோபரில் முற்றுகை கைவிடப்பட்டது. ஆங்கிலேயர் தரப்பில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஐரோப்பியர் இறந்தனர், அவர்களுள் பெரும்பாலோரைக் கொன்றது துப்பாக்கியன்று, நோயே. பிரெஞ்சு ஆளுநர் துப்ளேயின் வெற்றியாக வரலாற்று நூல்கள் பதியும் இந்நிகழ்வில், புதுச்சேரியின் சேற்றுக்கும் மழைக்கும் உரிய பங்கு இன்னும் அழுத்தமாகச் சொல்லப்பட வேண்டும்.

இரு தரப்பிலும் தடைகளைக் கடக்கக் கற்றிருந்த வீரர்களே பயன்பட்டனர். இம்முற்றுகையில் காயமுற்று இறந்த பரதி (Paradis) என்ற பிரெஞ்சுத் தரப்புப் பொறியாளர், 1746-இல் சென்னையை அடுத்த அடையாற்றில் எதிர்க்கரையின் பீரங்கித் தாக்குதலுக்கிடையே ஒரு சிறுபடையை ஆற்றில் இறக்கி நடத்திச் சென்று, ஆர்க்காட்டு நவாபின் பெரும்படையை முறியடித்தவர். ஆற்றைக் கடப்பதும், அகழியில் இறங்கி ஏறுவதும், ஏணி சாய்த்து மதிலேறுவதும் அப்போது படைவீரனின் அன்றாடத் தொழில்கள். ஆனால் அவற்றைப் போருக்கு வெளியே, முறையான உடற்பயிற்சியாகக் கற்பிக்கும் வழக்கம் அன்று இல்லை.

அவ்வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சில் வேர்கொண்டது. ஸ்பெயினில் பிறந்து பாரீசில் குடியேறிய பிரான்சிஸ்கோ அமோரோஸ், ஏணி, கயிறு, கம்பம், சுவர் ஆகியவற்றைக் கொண்டு படைவீரர்க்குப் பயிற்சிக்கூடம் நடத்தினார்; 1852-இல் ஜுவான்வில் என்னுமிடத்தில் படையின் உடற்பயிற்சிப் பள்ளி நிறுவப்பட்டது. எனினும் இன்றைய தடைப்பாதைக்கு நேரடியான தந்தை என்று சொல்லத்தக்கவர் கடற்படை அதிகாரி ஜார்ஜ் எபேர் (1875–1957). 1902 மே 8 அன்று, பிரெஞ்சுக் குடியேற்றமான மார்தினீக் தீவில் பெலே எரிமலை வெடித்து, சேன்பியேர் நகரின் ஏறத்தாழ 28,000 பேரை அழித்தபோது, அவர் மீட்புப்பணியில் ஈடுபட்டிருந்தார். 1853 முதல் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறிய தமிழ் ஒப்பந்தக் கூலிகள் கரும்புத் தோட்டங்களில் உழைத்த தீவும் அதுவே என்பதைத் தமிழ் வாசகர் இங்கே நினைவில் கொள்ளலாம்.

பின்னர் லோரியாங் துறைமுகத்தில் கடற்படையினரின் பயிற்சியைப் பொறுப்பேற்ற எபேர், நடத்தல், ஓடுதல், தாவுதல், நாற்காலில் ஊர்தல், ஏறுதல், சமநிலை காத்தல், எறிதல், தூக்குதல், தற்காப்பு, நீந்துதல் என உடலின் இயல்பான அசைவுகளைப் பத்து வகையாகப் பிரித்து, அவற்றையெல்லாம் ஒரே பாதையில் இடைவிடாது செய்து முடிக்கும் முறையை வகுத்தார். ‘இயற்கை முறை’ என்று பெயர்பெற்ற அதன் அடிக்கருத்து, பிறருக்கு உதவ வல்லவராகும் பொருட்டே ஒருவர் வலிமை பெற வேண்டும் என்பதாகும். வெற்றிக்கோப்பையை நோக்கியே செல்லும் விளையாட்டை அவர் கடுமையாக எதிர்த்தார். மதிலின்மேல் ஏறியவர் கீழே நிற்பவருக்குக் கைகொடுக்கும் காட்சி இன்றைய சேற்றோட்டங்கள் பலவற்றில் இடம்பெறுவதைக் காணும்போது, அவ்விளையாட்டில் எஞ்சியிருக்கும் சிறந்த பகுதி எபேரிடமிருந்து வந்ததே என்று கொள்ளத் தோன்றுகிறது.

முதல் உலகப்போர் அப்பாதையில் மேலும் இரண்டு பொருள்களைச் சேர்த்தது: முள்கம்பி, தோண்டிய குழியில் தேங்கிய சேறு. அப்போரில் பிரெஞ்சிந்தியாவிலிருந்து சென்றவர்களும் உயிரிழந்தனர். அவர்களுக்கான நினைவுச்சின்னம் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் நிற்கிறது. 1881-ஆம் ஆண்டின் ஆணைப்படி தம் சாதிவழி, சமயவழித் தனிச்சட்டங்களைத் துறந்து பிரெஞ்சுக் குடியியல் சட்டத்தை ஏற்றுக்கொண்ட ‘ரெனோன்சான்’ குடும்பங்களிலிருந்து பலர், தலைமுறை தலைமுறையாகப் பிரெஞ்சுப் படையிலும் குடியேற்ற நாடுகளின் அலுவல்களிலும் சேர்ந்தனர். புதுச்சேரி 1954 நவம்பர் 1 அன்று இந்திய நிர்வாகத்தின்கீழ் வந்து, 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படி இந்தியாவோடு இணைந்த பின்னும், பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்களின் பிள்ளைகள் அப்படையில் சேர்வது தொடர்ந்தது. ஓய்வூதியம் பெற்று ஊர் திரும்பியவர்களைப் புதுச்சேரி மக்கள் ‘சொல்தா’ என்றே அழைத்தனர்.

இந்தச் சொல்தாக்கள் சேர்ந்த படையில், ‘பர்கூர் துய் கொம்பத்தான்’ எனப்படும் போராளியின் தடைப்பாதை அடிப்படைப் பயிற்சிகளுள் ஒன்றாகிவிட்டிருந்தது. பிரெஞ்சுப் படைத்தலைவர் ஆன்ரி தெப்ரூ இரண்டாம் உலகப்போருக்குப் பின் வடிவமைத்து, 1947-இல் ஜெர்மனியின் பிரைபுர்க் நகரில் முதன்முதலாக நடத்திய படைவீரர் ஐம்போட்டியில், 500 மீட்டருக்குள் 20 தடைகள் கொண்ட ஓட்டம் ஓர் அங்கமாயிற்று. கயிற்றேணி, தாழ்ந்த கம்பிவலை, கயிறு தொங்கும் சாய்சுவர், சுரங்கம், வளைந்து செல்லும் ஒற்றையடிச் சட்டம், ஆள் ஆழமுள்ள குழி என்று வரிசையாக அமைந்த அப்பாதையில், முற்றுகைக்காலத்து அகழியும் மதிலும் அளவெடுத்துக் கட்டிய சிமெண்டு வடிவில் மீண்டும் எழுந்தன. வியட்நாமில் பிறந்து பிரெஞ்சுப் படைப்பள்ளியில் வளர்ந்த ரேமோன் பெல் என்ற தீயணைப்பு வீரர் இத்தகைய பயிற்சியைத் தம் மகன் தாவீதுக்கு ஊட்ட, நகரக் கட்டடங்களின்மேல் தாவிச் செல்லும் ‘பார்க்கூர்’ கலை அதிலிருந்து பிறந்தது.

படைமுகாமைவிட்டு இப்பாதை பொதுமக்களிடம் வந்தது இங்கிலாந்தில்தான். முன்னாள் படைவீரரான பில்லி வில்சன், ஸ்டாபோர்ட்ஷயர் பகுதியின் பெர்ட்டன் ஊரில் தம் பண்ணையில் 1987-இல் ‘டஃப் கை’ என்ற ஓட்டத்தைத் தொடங்கினார். அமெரிக்காவில் ‘டஃப் மடர்’, ‘ஸ்பார்ட்டன் ரேஸ்’ இரண்டும் 2010-இல் தோன்றின; இவற்றுள் முன்னது நேரத்தைக் கணக்கிடாமல், கூடச்செல்வோரை விட்டுவிடாமல் முடிப்பதையே நெறியாகக் கொண்டது. இந்தியாவில் 2012-இல் ‘டெவில்ஸ் சர்க்யூட்’ தொடங்கியது. 2024 பாரீஸ் ஒலிம்பிக்கோடு நவீன ஐம்போட்டியிலிருந்து குதிரையேற்றம் நீக்கப்பட்டு, 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் போட்டியில் அதன் இடத்தைத் தடையோட்டம் பெறவிருக்கிறது.

தமிழ் உழவருக்குச் சேற்றில் இயங்குவது புதிதன்று. சேறடித்துப் பரம்படித்த வயலில் நாள் முழுதும் குனிந்து நடும் பெண்ணும், கழிமுகச் சேற்றில் கையால் துழாவி நண்டும் மட்டியும் எடுப்போரும் கால் எடுத்துவைக்கும் முறையைப் போட்டிக்கு ஆயத்தமாவோர் கவனித்தால் பயிற்சிக்கூடத்தில் கிடைக்காத பாடம் கிடைக்கும்: குதிகாலை அழுத்தாமல், விரல்களைக் கீழ்நோக்கி நீட்டிச் சரித்து உருவி, எடையை உடனே அடுத்த காலுக்கு மாற்றுவது. எண்ணெய் தடவிய வழுக்குமரத்தில் ஒருவர் தோள்மேல் ஒருவர் நின்று ஏறும் கோயில் திருவிழா விளையாட்டும், இளவட்டக்கல்லைத் தோளுக்கு ஏற்றிய பழக்கமும் இதே வலிமையையும் ஒத்துழைப்பையும் கேட்டவையே. ஆதலால் ஆயத்தம் என்பது ஓட்டத்தை மட்டும் நீட்டுவதன்று. கயிற்றைத் தாங்கும் கைப்பிடி, மதிலேறத் தேவையான தோளும் முதுகும், ஊர்வதற்கு வேண்டிய இடுப்பு ஆகியவற்றைச் சில மாதங்கள் படிப்படியாகப் பழக்க வேண்டும். பருத்தியாடை சேற்றைக் குடித்துக் கனத்துவிடும் என்பதால் உடலோடு ஒட்டிய, விரைவில் உலரும் துணியும், நீர் வடியும் பழகிய காலணியும் ஏற்றவை. மோதிரமும் சங்கிலியும் கழற்றிவைக்கத் தக்கவை.

1748-இல் படையை அழித்த நோய் இவ்விளையாட்டிலும் உடன்வருகிறது. 2000-இல் போர்னியோவின் சபா பகுதியில் நடந்த சாகசப் போட்டியில் ஆற்றுநீரில் இறங்கியவர்களிடையே எலிக்காய்ச்சல் (எலி முதலியவற்றின் சிறுநீரால் மாசுற்ற நீரிலிருந்து, தோலின் கீறல் வழியே புகும் நுண்ணுயிர் நோய்) பரவியது. 2012-இல் அமெரிக்காவின் நெவாடாவில், கால்நடைச் சாணம் கலந்த சேற்றை விழுங்க நேர்ந்த தடையோட்டக்காரர்களுக்குக் குடல்நோய் கண்டது. எனவே ஆறாத புண்ணோடு சேற்றில் இறங்காமலிருப்பதும், தனுர்வாதத் தடுப்பூசி நடப்பில் உள்ளதா என்று பார்ப்பதும், ஓட்டம் முடிந்தவுடன் சோப்பிட்டுக் குளிப்பதும், அடுத்துவரும் வாரங்களில் காய்ச்சல் கண்டால் சேற்றில் இறங்கியதை மருத்துவரிடம் சொல்வதும் கட்டாயமான ஆயத்தங்களாகும்.

இத்தகைய ஓட்டத்துக்கு நோணாங்குப்பத்தின் ஆற்றங்கரை பொருத்தமாகத் தோன்றினாலும், அலையாத்தி நிற்கும் சேற்றில் அதை நடத்துவது தகாது. மிதிபட்டு ஒடிந்த மூச்சுவேர் வழியே மரம் காற்றைப் பெற முடியாது. இறால் குஞ்சும் நண்டும் வளர்வது அந்த வேர்களிடையேதான். கடலோர ஒழுங்காற்று மண்டல விதிகளும் அலையாத்திக் காடுகளை மிகுந்த பாதுகாப்புக்குரிய முதல் வகையில் வைத்துள்ளன. ஆற்றைவிட்டு விலகிய மேட்டுத் திடலிலோ அறுவடை முடிந்த வயலிலோ குழி வெட்டி, நல்ல நீர் பாய்ச்சிக் குழைத்த சேற்றைக் கொண்டு, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த தை, மாசி மாதங்களில், வெயில் ஏறுமுன் அதை நடத்துவதே நோணாங்குப்பத்துக்கு ஏற்ற முறையாகும்.