ஏடு தொடக்குதல்

குழந்தைக்கு முதன்முதலில் எழுத்தறிவிக்கும் இந்துச் சடங்கு. வித்தியாரம்பம், அட்சராப்பியாசம் என்பன இதன் வடமொழிப் பெயர்கள். பொதுவாக 3 அல்லது 5 வயதில், விஜயதசமி நாளில் நடத்துவர். யாழ்ப்பாணத்தில் தைப்பூசமும் இதற்கு உகந்த நாள்.

பிள்ளையார் பூசை முடிந்ததும் குருவோ, தாத்தாவோ, தாய்மாமனோ குழந்தையை மடியில் இருத்துவார். தாம்பாளத்தில் பச்சரிசி பரப்பியிருக்கும். பிஞ்சு விரலைப் பிடித்து அதில் ‘அ’ எழுதவைப்பார். சுழி வளையும்போது அரிசி ஒதுங்கி, அடியில் பித்தளை பளிச்சிடும். பாதி எழுத்திலேயே ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொள்ளும் குழந்தையை யாரும் கடிந்துகொள்வதில்லை.

அரிசி வளத்தின் குறி. சோறும் எழுத்தும் ஒரே தட்டில் வருவதே இச்சடங்கின் உயிர் எனலாம். எழுதும் கையை இன்னொரு கை பிடித்திருப்பதும் அவ்வளவே முக்கியம். கல்வி ஒருவர் தொட்டு இன்னொருவருக்கு வருவது. பெயரிலுள்ள ‘ஏடு’ பனையோலையைக் குறிக்கும். ஓலைக் காலத்தில் எழுத்து துலங்க ஏட்டில் மஞ்சளும் இலைச்சாறும் கரியும் தடவிக் கொடுத்ததால் இதற்கு மையாடல் விழா என்றும் பெயருண்டு.

திருவாரூர் மாவட்டத்துக் கூத்தனூர் சரஸ்வதி கோயிலில் விஜயதசமியன்று குழந்தைகளோடு பெற்றோர் திரள்வர். கேரளத்தில் இது எழுத்தினிருத்து. மலையாளக் கவிஞர் எழுத்தச்சனின் ஊரான திரூரில், துஞ்சன் பறம்பில் பெரிய அளவில் நடக்கிறது. கேரளத்தில் தேன் தொட்ட பொன்னால் நாவிலும் எழுதுவதுண்டு.