கிராம்ப்ளிங் கல்லூரியின் கால்பந்து அணி: ஒரு வரலாறு

அமெரிக்காவில் 'ஃபுட்பால்' என்றால் நாம் ஊரில் ஆடிய கால்பந்து அல்ல. அதற்கு இங்கே 'சாக்கர்' என்று பெயர். இவர்களுடைய ஃபுட்பால், முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் வீசியும் ஆடுவது. அணிக்கு 11 பேர். நான்கு முயற்சிகளுக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும். இல்லாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். எதிரணியின் எல்லைக்கோட்டைப் பந்துடன் கடந்தால் 'டச்டவுன்', அதற்கு 6 புள்ளிகள். இந்த நாட்டுக்கு வந்த புதிதில், தலைக்கவசம் அணிந்த இருபத்திரண்டு பேர் ஒருவர்மேல் ஒருவர் விழுவதைத் தவிர எனக்கு இதில் ஒன்றும் விளங்கவில்லை. ஆட்டம் ஓரளவு பிடிபட்ட பிறகு பழைய ஆட்டக்காரர்களின் வாழ்க்கைக் குறிப்புகளைப் படிக்கத் தொடங்கினேன். அவற்றில் ஓர் ஊரின் பெயர் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது: கிராம்ப்ளிங்.

லூசியானா மாநிலத்தின் வடபகுதியில், பைன் மரக் காடுகளுக்கு நடுவே சில ஆயிரம் பேர் மட்டும் வாழும் சிற்றூர் அது. டாலஸிலிருந்து ஐ-20 நெடுஞ்சாலையில் கிழக்கே ஏறக்குறைய நான்கு மணிநேரம் ஓட்டினால் வரும். கவனிக்காவிட்டால் தாண்டிப் போய்விடுவோம். அங்குள்ள கறுப்பினக் கல்லூரியிலிருந்து, ஒரே பயிற்சியாளரின் கையில் வளர்ந்த 200-க்கும் மேற்பட்டவர்கள் தொழில்முறை ஆட்டத்துக்குச் சென்றிருக்கிறார்கள். இந்த அணியின் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் காரணம் ஏறக்குறைய ஒன்றுதான். அதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கல்லூரி பிறந்த கதை

உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைமுறை ஒழிந்தபின், தென்மாநிலங்கள் கறுப்பின மக்களைப் பள்ளி, இரயில், உணவகம் என்று எல்லா இடங்களிலும் ஒதுக்கி வைத்தன. 'தனித்தனி, ஆனால் சமம்' என்ற கொள்கைக்கு உச்சநீதிமன்றம் 1896-இல் ஒப்புதல் கொடுத்தது. அந்த வழக்கே லூசியானாவில் ஓர் இரயில் பெட்டியில் தொடங்கியதுதான். தனி என்பது மட்டும் நடந்தது. சமம் என்பது ஏட்டோடு நின்றது. வெள்ளையர் பல்கலைக்கழகங்களில் இடமில்லாத பிள்ளைகளுக்காக எழுந்தவையே இன்று 'வரலாற்றுக் கறுப்பினக் கல்லூரிகள்' என அழைக்கப்படுபவை. 1964-க்கு முன் தோன்றியவற்றையே சட்டம் அப்பெயரால் குறிக்கிறது. இன்று ஏறக்குறைய நூறு கல்லூரிகள் இருக்கின்றன.

கறுப்பினக் கல்லூரிகளுக்கிடையிலான முதல் ஃபுட்பால் ஆட்டம் 1892 டிசம்பரில் வட கரோலினாவின் சாலிஸ்பரியில், பிடில் கல்லூரிக்கும் லிவிங்ஸ்டன் கல்லூரிக்கும் இடையே நடந்தது. பனி கொட்டிய அந்த நாளில் பிடில் வென்றது.

கிராம்ப்ளிங் பகுதிக் கறுப்பின விவசாயிகள் தங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டுமென விரும்பி, டஸ்கீகி கல்லூரியின் புக்கர் டி. வாஷிங்டனிடம் உதவி கேட்டார்கள். அவர் அனுப்பிய சார்லஸ் பி. ஆடம்ஸ் 1901-இல் தொழிற்கல்வியும் வேளாண்மையும் கற்பிக்கும் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அது 1946-இல் கிராம்ப்ளிங் கல்லூரி என்றும், 1974-இல் கிராம்ப்ளிங் மாநிலப் பல்கலைக்கழகம் என்றும் பெயர் பெற்றது. 1936 முதல் 1977 வரை ரால்ஃப் வால்டோ எமர்சன் ஜோன்ஸ் அதன் தலைவராக இருந்தார். பேஸ்பால் அணிக்குப் பயிற்சியளித்ததும் அவரேதான். ஆள் பற்றாக்குறையும் பணப் பற்றாக்குறையும் அவ்வளவு.

எடி ராபின்சன்

1941-இல் ஜோன்ஸ் 22 வயது இளைஞர் ஒருவரைப் பயிற்சியாளராக நியமித்தார். எடி ராபின்சன் என்ற அந்த இளைஞரின் தந்தை வாரத்துக்குப் பருத்தி பயிரிட்டவர். தாய் வீட்டுவேலை செய்தவர். லீலண்ட் கல்லூரியில் படித்து முடித்தும் படிப்புக்கேற்ற வேலை கிடைக்காமல், பேட்டன் ரூஜ் நகரில் கால்நடைத் தீவன ஆலையில் மணிக்கு 25 சென்ட் கூலிக்கு உழைத்துக்கொண்டிருந்தார். கிராம்ப்ளிங்கில் அவருக்கு மாதச் சம்பளம் 63 டாலர் 96 சென்ட்.

பயிற்சியாளர் என்பது பெயருக்குத்தான். மைதானத்தில் புல் வெட்டுவது, கோடு போடுவது, பையன்களின் கணுக்காலுக்குப் பட்டை கட்டுவது, ஆட்டம் முடிந்ததும் செய்தி எழுதிப் பத்திரிகைக்கு அனுப்புவது எல்லாம் அவர் பொறுப்பு. முதல் ஆண்டில் 3 வெற்றி, 5 தோல்வி. மறு ஆண்டு, 1942-இல், 9 ஆட்டங்களிலும் வெற்றி. அந்த ஆண்டு முழுவதும் எதிரணிகளால் ஒரு புள்ளிகூட எடுக்க முடியவில்லை. அடுத்த இரு ஆண்டுகள் போர் காரணமாக அணியே இல்லை.

வெளியூர் ஆட்டங்களுக்குப் போகும்போது வழியில் எந்த உணவகமும் இவர்களை உள்ளே விடாது. எந்த விடுதியும் இடம் தராது. ரொட்டியும் இறைச்சியும் கட்டிக்கொண்டு பேருந்திலேயே சாப்பிட்டார்கள். கல்லூரிக்குத் திரும்பியதும் படிப்பு. விடியற்காலையில் கையில் மாட்டு மணியை ஆட்டியபடி விடுதி முழுவதும் நடந்து, பையன்களை வகுப்புக்கு எழுப்புவது ராபின்சனின் வழக்கம். ஆட்டம் கைவிட்டாலும் பட்டம் கைகொடுக்கும் என்பது அவர் கணக்கு.

வெளியே திறந்த கதவு

1949-இல் பால் 'டேங்க்' யங்கர் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணியில் சேர்ந்தார். கறுப்பினக் கல்லூரியிலிருந்து என்.எஃப்.எல். தொழில்முறைக் கழகத்துக்குப் போன முதல் ஆட்டக்காரர் அவர்தான். நீ தோற்றுத் திரும்பினால், இவர்களில் சிறந்தவனே தேறவில்லை என்று சொல்லி மற்றவர்களுக்கும் கதவைச் சாத்திவிடுவார்கள் என்ற பொருளில் ராபின்சன் அவரை எச்சரித்து அனுப்பினார். யங்கர் தேறினார், பத்து ஆண்டுகள் ஆடினார்.

இன்னொருவரையும் இங்கே குறிப்பிட வேண்டும். 1948-இல் கல்லூரியின் விளையாட்டுச் செய்தி அலுவலராக வந்த காலி நிக்கல்சன், போரில் கடற்படைத் துருப்புகளின் செய்தியாளராக இருந்தவர். வெள்ளையர் பத்திரிகைகள் கண்டுகொள்ளாத அணியைப் பற்றி ஓயாமல் எழுதி, நாடெங்குமுள்ள கறுப்பினப் பத்திரிகைகளுக்கு அனுப்பினார். கிராம்ப்ளிங் என்ற பெயர் பரவியதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு.

1960-இல் ஏ.எஃப்.எல். என்ற போட்டிக் கழகம் தோன்றியது. ஆட்டக்காரர்கள் அவசரமாகத் தேவைப்பட, அதன் அணிகள் கறுப்பினக் கல்லூரிகளிலும் தேடத் தொடங்கின. 1963-ஆம் ஆண்டுக்கான அதன் தேர்வில் முதலாவதாக அழைக்கப்பட்டவர் கிராம்ப்ளிங்கின் பக் புக்கானன். 1967 ஜனவரியில் இரு கழகங்களின் முதலணிகளும் மோதிய முதல் 'சூப்பர் பௌல்' நடந்தபோது, கான்சஸ் சிட்டியின் தடுப்பு வரிசையில் புக்கானன் நின்றார். வென்ற கிரீன் பே அணியின் தடுப்பு வரிசைக்குத் தலைமை ஏற்றவர் அவருக்கு முன் அதே கல்லூரியில் படித்த வில்லி டேவிஸ். இடைவேளையில் வாத்தியம் வாசித்தவர்களில் கிராம்ப்ளிங் கல்லூரி இசைக்குழுவும் இருந்தது! டேவிஸ், புக்கானன், வில்லி பிரவுன், சார்லி ஜாய்னர் ஆகிய நால்வரும் தொழில்முறை ஃபுட்பாலின் புகழ்மண்டபத்தில் இடம்பெற்றிருக்கிறார்கள்.

1968-இல் நியூயார்க்கின் யாங்கி மைதானத்தில் 60,000-க்கும் மேற்பட்டோர் முன்னிலையில் மார்கன் ஸ்டேட் கல்லூரியுடன் ஆடி 9-7 என்று தோற்றார்கள். 1974 முதல் பரம வைரியான சதர்ன் பல்கலைக்கழகத்துடன் நியூ ஆர்லியன்ஸில் ஆடும் ஆட்டம் 'பேயு கிளாசிக்' என்ற பெயரில் பெரும் திருவிழாவாயிற்று. 1976-இல் டோக்கியோவில் மார்கன் ஸ்டேட்டை வென்றார்கள். 

குவார்ட்டர்பேக் என்ற கடைசி வேலி

ஃபுட்பாலில் ஆட்டத்தை நடத்துபவர் குவார்ட்டர்பேக். பந்து முதலில் அவர் கைக்குத்தான் வரும். யாருக்கு, எப்போது எறிவது என்று முடிவெடுப்பவர் அவர். கறுப்பினத்தவருக்கு ஓடவும் மோதவும் தெரியும், மூளையைப் பயன்படுத்தும் இந்த இடத்துக்குச் சரிவர மாட்டார்கள் என்பது அணி முதலாளிகளின் எழுதாத சட்டம். கல்லூரியில் அந்த இடத்தில் ஆடியவர்களைத் தொழில்முறைக்கு வந்ததும் வேறு இடத்துக்கு மாற்றிவிடுவார்கள்.

ராபின்சன் இதைத் திட்டமிட்டே எதிர்கொண்டார். ஜேம்ஸ் ஹாரிஸ் என்ற மாணவரைத் தொழில்முறை அணிகள் ஆடும் முறையிலேயே தயார்செய்தார். 1969-இல் பஃபலோ அணி ஹாரிஸை எட்டாம் சுற்றில்தான் எடுத்தது. ஆனால் அந்தப் பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே அவர் குவார்ட்டர்பேக்காக இறங்கினார். பின்னர் ராம்ஸ் அணியில் சேர்ந்து, 1974 பருவத்தின் இறுதிச் சுற்றில் வெற்றி தேடித் தந்தார்.

அடுத்து டக் வில்லியம்ஸ். 1978-இல் தாம்பா பே அணி அவரை முதல் சுற்றிலேயே எடுத்தது. சம்பளம் மட்டும் ஆண்டுக்கு 1,20,000 டாலர். பல அணிகளில் ஓரத்தில் உட்கார்ந்திருந்த மாற்று ஆட்டக்காரர்களுக்கே அதைவிட அதிகம். அங்கிருந்து விலகி, பின்பு வாஷிங்டன் அணிக்கு வந்தார். 1988 ஜனவரி 31 சூப்பர் பௌலில் டென்வருக்கு எதிராக ஆட்டத்தின் இரண்டாம் கால்பகுதியில் மட்டும் வாஷிங்டன் 35 புள்ளிகள் குவித்தது. 42-10 வெற்றி, ஆட்ட நாயகன் வில்லியம்ஸ். அந்த இடத்தில் ஆடி சூப்பர் பௌல் வென்ற முதல் கறுப்பினத்தவர் அவரே.

சுவர் விழுந்த பிறகு

கிராம்ப்ளிங்குக்கு இத்தனை திறமைசாலிகள் எப்படிக் கிடைத்தார்கள்? ராபின்சனின் உழைப்பு பாதிக் காரணம். மற்றப் பாதி, அவர்களுக்குப் போக வேறு இடமில்லை என்பது. லூசியானா மாநிலப் பல்கலைக்கழகமும் அலபாமாவும் அவர்களைச் சேர்க்காததால்தான் மாநிலத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்கள் இந்தச் சிற்றூருக்கு வந்தார்கள்.

1970 செப்டம்பரில் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழக அணி, பர்மிங்ஹாம் நகரில் அலபாமாவை 42-21 என்று வீழ்த்தியது. அதன் நாயகன் சாம் கன்னிங்ஹாம் என்ற கறுப்பின ஆட்டக்காரர். அலபாமா அதற்கு முன்பே ஒரு கறுப்பின மாணவரைச் சேர்த்திருந்தது. முதலாண்டு மாணவர் என்பதால் அவர் அன்று ஆடவில்லை. அதன்பின் தெற்கிலுள்ள பெரிய பல்கலைக்கழகங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கதவைத் திறந்தன. பெரிய மைதானம், தொலைக்காட்சி, நல்ல வசதிகள் எல்லாம் அங்கே இருந்தன. பையன்கள் போனதில் தவறேதும் இல்லை. போகும் உரிமைக்காகத்தானே இத்தனை போராட்டமும்! ஆனால் அந்த வாசல் வழியே கிராம்ப்ளிங்கின் பலமும் வெளியேறியது. கதவு இருபக்கமும் திறக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆட்டக்காரர்களை அழைத்துக்கொண்ட பெரிய பல்கலைக்கழகங்கள், அவர்களை உருவாக்கிய பயிற்சியாளர்களை அழைக்கவில்லை.

1985 அக்டோபர் 5-இல் டாலஸில் பிரெய்ரி வியூ அணியை வென்று, ராபின்சன் 324-வது வெற்றியைப் பெற்றார். அலபாமாவின் புகழ்பெற்ற பயிற்சியாளர் பேர் பிரையன்ட்டின் சாதனையைத் தாண்டினார். சிறு கல்லூரிகளை வென்று சேர்த்த எண்ணிக்கைதானே என்று அப்போது குறை சொன்னவர்கள் உண்டு. எனக்கு இந்த வாதம் விளங்குவதில்லை. பெரிய கல்லூரிகள் பல பதிற்றாண்டுகள் இவர்களுடன் ஆட மறுத்தன. ஆட மறுத்தவர்களே, நீ எங்களோடு ஆடவில்லையே என்று கேட்பது எந்த ஊர் நியாயம்?

கடைசி இரு பருவங்களில் அணி தலா 3 வெற்றி, 8 தோல்வி என்று சரிந்தது. 1997-இல் ராபின்சன் விலகினார்: 408 வெற்றி, 165 தோல்வி, 15 சமநிலை. 1941 முதல் ஒரே கல்லூரி, ஒரே மனைவி என்று பெருமையாகச் சொல்லிக்கொள்பவர் அவர். 2007 ஏப்ரல் 3-இல் காலமானார். அவருடைய எண்ணிக்கையைப் பின்னர் ஜான் கலியார்டி, ஜோ பட்டர்னோ ஆகியோர் கடந்தனர்.

ராபின்சனின் இடத்துக்கு டக் வில்லியம்ஸே வந்து, 2000 முதல் 2002 வரை தொடர்ந்து மூன்று முறை அணியைத் தன் கழகத்தின் முதலிடத்துக்குக் கொண்டுவந்தார். இரண்டாம் முறையும் பயிற்சியாளராகத் திரும்பினார், 2013-இல் நீக்கப்பட்டார். அதே ஆண்டு அக்டோபரில் கிராம்ப்ளிங் ஆட்டக்காரர்கள் பேருந்தில் ஏற மறுத்தார்கள். ஜாக்சன் ஸ்டேட்டுடனான ஆட்டம் கைவிடப்பட்டது. பயிற்சிக் கட்டடத்தில் பூஞ்சை, நீண்ட பேருந்துப் பயணங்கள், பயிற்சியாளர் நீக்கம் ஆகியவை அவர்களுடைய குறைகள். மாநில அரசு தரும் நிதி சில ஆண்டுகளில் பாதிக்கும் கீழே குறைக்கப்பட்டிருந்தது. மூன்றே ஆண்டுகளில் அணி எழுந்து நின்று, 2016-இல் கறுப்பினக் கல்லூரிகளின் சிகர ஆட்டமான 'செலிப்ரேஷன் பௌல்' போட்டியை 10-9 என்று வென்றது.

2021 டிசம்பரில், நாட்டின் முதல்நிலை இளம் ஆட்டக்காரரான டிராவிஸ் ஹன்டர் பெரிய பல்கலைக்கழகங்களை விட்டுவிட்டு ஜாக்சன் ஸ்டேட்டைத் தேர்ந்தபோது பழைய காலம் திரும்புகிறதோ என்று பலர் மகிழ்ந்தார்கள். ஓர் ஆண்டுக்குப்பின் பயிற்சியாளர் டியான் சாண்டர்ஸ் கொலராடோவுக்குப் போனார். ஹன்டரும் உடன் போனார். நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருதை அவர் 2024-இல் அங்கிருந்துதான் பெற்றார்.

ஒதுக்கிவைத்த காலமே நன்றாயிருந்தது என்று யாரும் சொல்ல முடியாது. பேருந்தில் உட்கார்ந்து ரொட்டி தின்றவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஆனால் ஒதுக்கப்பட்டவர்கள் தங்கள் கையால் கட்டிய நிறுவனங்கள், ஒதுக்கல் முடிந்தபின் எதை நம்பிப் பிழைப்பது என்ற கேள்விக்கு இந்த நாடு இன்னும் விடை சொல்லவில்லை. கிராம்ப்ளிங்கில் இப்போது ராபின்சன் பெயரில் ஒரு மைதானமும் அருங்காட்சியகமும் இருக்கின்றன. ஐ-20 வழியே போகும் வாசகர்கள் ஒருமுறை இறங்கிப் பார்க்கலாம்.