வேலூர் – ஆம்பூர் பகுதியில் சேவைச் சங்கங்கள்

சேவைச் சங்கம் (தொண்டுக் கழகம்) என்பது, பல்வேறு தொழில்களைச் சேர்ந்தவர்கள் தம் விருப்பத்தின் பேரில் ஒன்றுகூடி, ஊதியமின்றிச் சமூகப் பணிகளைச் செய்வதற்காக அமைத்துக்கொள்ளும் உறுப்பினர் அமைப்பு ஆகும். ரோட்டரி, அரிமா, கிவானிசு ஆகியவை உலக அளவில் இயங்கும் சேவைச் சங்கங்களுள் முதன்மையானவை. தமிழ்நாட்டில் பாலாற்றுப் படுகையில் அமைந்துள்ள வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, குடியாத்தம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களிலும் இச்சங்கங்களின் கிளைகள் உள்ளன. இப்பகுதி தோல் பதனிடும் தொழிலுக்கும் காலணி ஏற்றுமதிக்கும் பெயர்பெற்றது. இவ்வூர்கள் அனைத்தும் முன்பு ஒரே வேலூர் மாவட்டத்தில் இருந்தன. 2019 ஆம் ஆண்டு அம்மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டபோது ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்தில் சேர்ந்தன. இராணிப்பேட்டை தனி மாவட்டமானது.

பெயர்

முதல் சங்கத்தின் உறுப்பினர்கள் தங்கள் அலுவலகங்களில் முறை வைத்துச் சுழற்சியாகக் கூடியதால் ரோட்டரி என்னும் பெயர் ஏற்பட்டது. இதனைத் தமிழில் சுழற்கழகம் என்றும் குறிப்பிடுவர். லயன்சு சங்கம் தமிழில் அரிமா சங்கம் என்று வழங்கப்படுகிறது. அரிமா என்பது சிங்கத்தைக் குறிக்கும் தமிழ்ச்சொல்.

தோற்றமும் பரவலும்

வழக்கறிஞரான பால் ஹாரிசு 1905 பெப்ரவரி 23 அன்று சிகாகோவில் மூன்று நண்பர்களுடன் முதல் ரோட்டரி கூட்டத்தை நடத்தினார். 1915 இல் டிட்ராயிட் நகரில் கிவானிசு தொடங்கியது. 1917 இல் மெல்வின் ஜோன்சின் முயற்சியால் அரிமா சங்கம் உருவானது. 1925 இல் ஓகையோ மாநிலத்தில் நடந்த அரிமா மாநாட்டில் எலன் கெல்லர் உரையாற்றினார். பார்வையற்றோருக்காகப் போராட முன்வருமாறு அவர் விடுத்த வேண்டுகோளே, கண் மருத்துவப் பணி அரிமா சங்கங்களின் அடையாளமாக மாறக் காரணமாயிற்று.

இந்தியாவின் முதல் ரோட்டரி சங்கம் 1919 இல் கல்கத்தாவில் அமைந்தது. சென்னையில் 1929 இல் ரோட்டரி தொடங்கப்பட்டது. அரிமா இயக்கம் 1956 இல் பம்பாய் வழியாக இந்தியாவுக்கு வந்தது. தொடக்கத்தில் ஆண்களை மட்டுமே உறுப்பினராக ஏற்ற ரோட்டரி, 1989 இல் தன் விதிகளைத் திருத்திப் பெண்களுக்கும் இடமளித்தது. அதற்கு முன்பே, 1924 இல், ரோட்டரி உறுப்பினர்களின் குடும்பப் பெண்களுக்கான இன்னர் வீல் இயக்கம் இங்கிலாந்தின் மான்செசுட்டரில் தோன்றியிருந்தது. பள்ளி மாணவர்களுக்கு இண்டராக்ட் (1962), இளைஞர்களுக்கு ரோட்டராக்ட் (1968) ஆகிய அமைப்புகளும் உள்ளன.

இப்பகுதியின் கொடை மரபு

சேவைச் சங்கங்கள் வருவதற்கு முன்பே இப்பகுதியில் வலுவான கொடை மரபு இருந்தது. தோல் வணிகர்கள் கல்விக்குப் பெரும்பொருள் அளித்தனர். வாணியம்பாடி இசுலாமியாக் கல்லூரி 1919 இல் தொடங்கப்பட்டது. மேல்விசாரத்தைச் சேர்ந்த வணிகரும் வள்ளலுமான சி. அப்துல் அக்கீமின் பெயரில் அவ்வூரில் 1965 முதல் ஒரு கல்லூரி இயங்கி வருகிறது.

மறுபுறம், ஐடா ஸ்கடர் 1900 இல் ஒரே ஒரு படுக்கையுடன் தொடங்கிய மருத்துவப் பணி, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியாக (சி. எம். சி.) வளர்ந்தது. தொழுநோயால் மடங்கிப்போன கைகளைச் சீரமைக்கும் அறுவை மருத்துவத்தைப் பால் பிராண்டு 1940களின் இறுதியில் இங்கு உருவாக்கினார். இம்மருத்துவமனைக்கு உதவுவதற்காகவே வேலூர் நண்பர்கள் என்னும் பெயரில் வெளிநாடுகளில் தன்னார்வ அமைப்புகள் செயல்படுகின்றன.

இவ்வாறு உள்ளூர்க் கொடை, வெளிநாட்டு உதவி, மருத்துவ அறிவு ஆகிய மூன்றும் ஒரே பகுதியில் ஏற்கனவே சேர்ந்திருந்தன. சேவைச் சங்கங்களின் பணிக்கு இவை மூன்றுமே தேவைப்படுபவை.

செயற்படும் முறை

ஒவ்வொரு சங்கமும் தன்னாட்சி உடையது. சங்கங்கள் பல சேர்ந்தது ஒரு மாவட்டம். இது அரசின் வருவாய் மாவட்டத்திலிருந்து வேறுபட்டது. ஆளுநர் எனப்படுபவர் இதற்குத் தலைமை வகிப்பார். ரோட்டரி, அரிமா சங்கங்களின் ஆண்டு சூலை 1 அன்று தொடங்கும். தலைவர், செயலாளர் ஆகியோர் பொதுவாக ஓராண்டு மட்டுமே பொறுப்பில் இருப்பர்.

ஒரு சிற்றூர்ச் சங்கத்தின் திட்டத்துக்கு வெளிநாட்டிலிருந்து நிதி கிடைப்பது இம்முறையின் முக்கிய இயல்பாகும். 1917 இல் ஆர்ச் கிளம்ப் முன்மொழிந்த நிதியமே பின்னர் ரோட்டரி அறக்கட்டளை ஆயிற்று. அதற்குக் கிடைத்த முதல் நன்கொடை 26.50 டாலர். ரோட்டரியின் உலகளாவிய நல்கை பெற வேண்டுமானால் கீழ்க்கண்டவை தேவை:

- பணி நடக்கும் ஊரின் சங்கமும் வேறொரு நாட்டின் சங்கமும் இணைந்து விண்ணப்பிக்க வேண்டும்.
- திட்டத்தின் மொத்த மதிப்பு குறைந்தது 30,000 டாலராக இருக்க வேண்டும்.
- நோய்த்தடுப்பு, குடிநீரும் துப்புரவும், தாய்சேய் நலம், கல்வி, சமூகப் பொருளாதார மேம்பாடு, அமைதி, சுற்றுச்சூழல் ஆகிய ஏழு துறைகளுள் ஒன்றில் அமைய வேண்டும். இவற்றுள் சுற்றுச்சூழல் 2021 இல் சேர்க்கப்பட்டது.
- நிதி தீர்ந்த பின்னரும் திட்டம் தொடர்ந்து இயங்குவதற்கான வழி காட்டப்பட வேண்டும்.

இளம்பிள்ளைவாத ஒழிப்பு

சேவைச் சங்கங்களின் பணிகளுள் மிகப் பெரியது இளம்பிள்ளைவாத (போலியோ) ஒழிப்பு ஆகும். 1979 இல் பிலிப்பீன்சில் சுமார் 60 இலட்சம் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து வழங்கும் திட்டத்தை ரோட்டரி தொடங்கியது. 1985 இல் போலியோ பிளசு என்னும் உலகத் திட்டத்தை அறிவித்தது. 1988 இல் உலக நலவாழ்வு அமைப்பு இந்நோயை ஒழிக்கத் தீர்மானித்தபோது, 125 நாடுகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,50,000 பேர் இதனால் பாதிக்கப்பட்டு வந்தனர்.

இவ்வரலாற்றில் வேலூருக்குத் தனி இடம் உண்டு. சி. எம். சி. யின் நச்சுயிரியல் துறையைச் சேர்ந்த த. ஜேக்கப் ஜானும் அவர்தம் குழுவினரும், மேலை நாடுகளில் போதுமானதாக இருந்த மூன்று தவணைச் சொட்டு மருந்து இங்குள்ள குழந்தைகள் பலருக்குப் போதிய எதிர்ப்பாற்றலைத் தரவில்லை என்பதைக் கண்டறிந்தனர். குழந்தைகளுக்குத் தனித்தனி நாள்களில் மருந்து கொடுப்பதற்கு மாறாக, ஓர் ஊரின் குழந்தைகள் அனைவருக்கும் ஒரே காலத்தில் கொடுக்கும் துடிப்பு முறையை வேலூரில் செயல்படுத்தினர். இதனால் நோய் கட்டுப்பட்டதை விளக்கும் அவர்களது கட்டுரை 1983 இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியானது.

மருத்துவத்தில் எளிதாகத் தோன்றும் இம்முறை, ஆள்பலத்தில் கடினமானது. ஒரே நாளில் ஆயிரக்கணக்கான இடங்களில் மருந்தைக் குளிர்நிலை மாறாமல் சேர்க்க வேண்டும். தாய்மார்களை அழைத்துவர வேண்டும். விடுபட்ட குழந்தைகளைத் தேட வேண்டும். அரசுப் பணியாளர்களால் மட்டும் இது இயலாது. சேவைச் சங்கங்கள் இன்றியமையாதவை ஆனது இங்கேதான். 1995 இல் இந்தியா முழுவதும் போலியோ சொட்டு மருந்து முகாம்கள் தொடங்கியபோது, சங்க உறுப்பினர்கள் முகாம்களில் பணியாற்றினர். வண்டிகளும் விளம்பரப் பொருள்களும் அளித்தனர்.

இந்தியாவில் இயற்கை நச்சுயிரியால் ஏற்பட்ட கடைசி இளம்பிள்ளைவாதம் 2011 சனவரியில் மேற்கு வங்காளத்தின் அவுரா மாவட்டத்தில் பதிவானது. 2014 மார்ச் 27 அன்று இந்தியாவை உள்ளடக்கிய தென்கிழக்காசிய வட்டாரம் போலியோ அற்றதாகச் சான்றளிக்கப்பட்டது. ரோட்டரி இப்பணிக்கு 200 கோடி டாலருக்கும் மேல் அளித்துள்ளது.

கண் மருத்துவ முகாம்கள்

மக்கள் சேவைச் சங்கங்களை நேரடியாக அறிவது பெரும்பாலும் கண் சிகிச்சை முகாம்கள் வழியாகவே. முற்காலத்தில் பள்ளிக்கூடங்களிலும் சத்திரங்களிலும் தற்காலிகமாக அறுவை அரங்கு அமைத்துக் கண்புரை அகற்றப்பட்டது. நோய்த்தொற்று அபாயம் காரணமாக இம்முறை கைவிடப்பட்டது. பின்னர் முகாமில் பரிசோதனை மட்டும் செய்து, தேர்ந்தெடுக்கப்பட்டோரைப் பேருந்தில் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று விழிவில்லை பொருத்தும் முறை வந்தது. இதில் இடம், விளம்பரம், உணவு, போக்குவரத்து ஆகியவற்றைச் சங்கமும், சிகிச்சையை மருத்துவமனையும் ஏற்கும். அரசின் பார்வையிழப்புக் கட்டுப்பாட்டுத் திட்டம் (1976) அறுவைக்கான செலவில் ஒரு பகுதியை ஈடுசெய்கிறது. அரிமா சங்கங்களின் பன்னாட்டு நிதியும் 1990 முதல் இத்துறைக்கு வழங்கப்படுகிறது.

விமர்சனங்களும் எல்லைகளும்

தலைவர் ஆண்டுதோறும் மாறுவதால் நீண்டகாலத் திட்டங்கள் தடைப்படுகின்றன என்பதும், பொருள் வழங்கும் விழாக்களுக்குத் தரப்படும் முதன்மை பராமரிப்புக்குத் தரப்படுவதில்லை என்பதும் பொதுவாகக் கூறப்படும் குறைகளாகும்.

தோல் தொழில் பகுதியில் வேறொரு கேள்வியும் எழுகிறது. தோல் ஆலைகளின் கழிவால் பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீர் கெட்டது. சுமார் 35,000 எக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றதாகிவிட்டது என்னும் ஆய்வு முடிவு உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் மேற்கோளாகக் காட்டப்பட்டுள்ளது. இத்தகைய ஊரில் சங்கம் ஒன்று குடிநீர்த் தொட்டி அமைத்துத் தருவது உடனடித் துயரைத் தணிக்கும். ஆனால் நீர் கெட்டதற்கான காரணத்தை நீக்காது.

அக்காரணத்தை எதிர்த்து வழக்காடியது வேறு வகையான தன்னார்வ அமைப்பாகும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991 இல் உச்ச நீதிமன்றத்தில் மனு அளித்தது. 1996 ஆகத்து 28 அன்று வழங்கப்பட்ட தீர்ப்பு, மாசுபடுத்துபவரே ஈடுசெய்ய வேண்டும் என்னும் கொள்கையையும் முன்னெச்சரிக்கைக் கொள்கையையும் இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. எனினும் சிக்கல் முடிவடையவில்லை. இப்பகுதியின் மாசு தொடர்பாக 2025 சனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் தீர்ப்பு வழங்கி, பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்கவும் கண்காணிப்புக் குழு அமைக்கவும் ஆணையிட்டது.

சேவைச் சங்கம் பலரை ஒருங்கிணைத்து உதவியைச் சேர்ப்பிக்கிறது. குடிமக்கள் மன்றம் உரிமையைக் கோருகிறது. போலியோ ஒழிப்பு முதல் முறையின் ஆற்றலுக்கும், பாலாற்று வழக்கு இரண்டாம் முறையின் தேவைக்கும் எடுத்துக்காட்டுகள் ஆகும்.

இவற்றையும் பார்க்க

- ரோட்டரி சங்கம்
- அரிமா சங்கம்
- இளம்பிள்ளைவாதம்
- வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி
- பாலாறு