காது கேளாத வெள்ளை

2005 ஜனவரியில் தபால் துறை நான்கு நாட்டு நாய்களுக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. இமயமலை ஆட்டு நாய், ராம்பூர், முதோல், நான்காவதாக எங்கள் ஊர் ராஜபாளையம். நான் அப்போது இதே ஊரில் தபால் நிலைய கவுன்டரில் இருந்தேன். வாழ்நாளில் ஒரு கடிதம் எழுதியிராத ஆட்கள்கூட வந்து, "நம்ம நாய் ஸ்டாம்பு இருக்காம்மா?" என்று வாங்கி பாஸ்புக்குக்குள் செருகிக்கொண்டு போனார்கள். ஊருக்கே மாப்பிள்ளை வந்த மாதிரி இருந்தது. அந்த ஜோரில் நானும் ஒரு குட்டி வாங்கினேன். சுத்த வெள்ளை, ரோஸ் மூக்கு, தேன் நிறக் கண். பிச்சிப்பூ மாதிரி இருந்ததால் பிச்சி என்று பேர் வைத்தோம்.

பத்து நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. அடுப்படியில் குக்கர் நாலு விசில் விடுகிறது. பக்கத்தில் படுத்திருக்கும் பிச்சி காதைக்கூட அசைக்கவில்லை. பரணிலிருந்து எவர்சில்வர் தாம்பாளம் விழுந்து ஊரைக் கூட்டியது. அது தூங்கிக்கொண்டே இருந்தது. தூக்கிக்கொண்டு ஓடினேன். பார்த்த டாக்டர், "இது காவலுக்கு ஆகாது, வாங்கின இடத்திலேயே திருப்பிக் கொடுத்துடுங்க" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

மறுநாள் கண் வீங்கிப்போய் கவுன்டரில் உட்கார்ந்திருந்தேன். அங்கே தொடங்கியது என் படிப்பு.

மாதம் பிறந்தால் ஆர்.டி. கட்ட வரும் ஒரு பெரியவர் இருந்தார். மலையடிவார மாந்தோப்புகளில் ஐம்பது வருசம் காவல் பார்த்தவர். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "காது போனா என்ன தாயி, மூக்கு இருக்கு, தரை இருக்கு. பேர் சொல்லிக் கூப்பிடாதே, காலால தரையைத் தட்டு. தூங்கறப்போ தொட்டு எழுப்பிடாதே, திடுக்கிட்டுக் கடிச்சுப்புடும். மூக்குக்கிட்ட கையைக் கொண்டுபோ, வாசம் பிடிச்சு அதுவா முழிக்கும்." வரிசையில் அவருக்குப் பின்னால் நின்ற மில் தொழிலாளி, "ராத்திரியில டார்ச் லைட்டை ரெண்டு தடவை அணைச்சுப் போடுங்கக்கா, ஓடி வரும்" என்றார். சத்திரப்பட்டியிலிருந்து பேண்டேஜ் துணிப் பார்சல் அனுப்ப வந்த பெண்மணி, "கயிறில்லாம ரோட்டுக்கு மட்டும் விட்டுறாதீங்க, லாரி ஹார்ன் கேக்காது" என்றார். எடை போட வேண்டிய பார்சல் தராசிலேயே கிடந்தது. யாரும் கோபப்படவில்லை. வரிசை முழுக்க நாய் வளர்த்தவர்களாக இருந்தார்கள்.

அன்றிலிருந்து இந்த நாயின் பழங்கதையைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். தமிழ்நாட்டில் நாய்க்குக் கல் நட்டு எழுதிவைத்த வழக்கம் பல்லவர் காலத்திலேயே உண்டு. திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில், மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. எருமை மந்தையைக் காக்கப்போய் மாண்ட வீரனுக்கு எடுத்த கல். வீரனுக்குப் பக்கத்தில் அவன் நாயும் நிற்கிறது. திருடனைக் கடித்துக் காவல் நின்றது என்று சொல்லி, அதன் பெயரையும் வெட்டியிருக்கிறார்கள்: கோவிவன். ஏறக்குறைய 1,400 வருசம் ஆகியும் அந்த நாய் பெயரோடு நிற்கிறது.

எங்கள் நாய்க்கு அப்படிக் கல் எதுவும் இல்லை. விஜயநகரப் பக்கமிருந்து தெற்கே வந்து குடியேறிய ராஜுக்களோடு சேர்த்து ஊரில் அதன் கதையைச் சொல்வார்கள். அவர்கள் வீட்டில் இன்றும் தெலுங்குதான். பாளையக்காரர்களின் பன்றி வேட்டையில் இந்த மாதிரி நாய்கள் முன்னால் ஓடின. வெள்ளைக்காரர்கள் எழுதும்போது 'பாளையக்கார நாய்' என்றே எழுதினார்கள். கும்பினிக் குதிரைப்படை மேல் பாய்ந்து குதிரைகளின் காலைக் கவ்வியதாகவும் ஊரில் ஒரு கதை உண்டு. 1801-ல் பாளையங்கள் அடங்கின. கோட்டை வாசலில் கிடந்த நாய் அதன்பின் மாந்தோப்புக்கும் களத்துமேட்டுக்கும் வந்து சேர்ந்தது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து வேட்டையும் நின்றது. கோவில்பட்டி, சாத்தூர் பக்கத்துக் கன்னிக்கும் சிப்பிப்பாறைக்கும் கம்பம் பள்ளத்தாக்கின் கோம்பைக்கும் இதே கதிதான். வேலை போன நாயை யார் சோறு போட்டு வைத்துக்கொள்வார்கள்? அதற்குள் அல்சேஷனும் பொமரேனியனும் வாசல்களில் குரைக்க ஆரம்பித்துவிட்டன.

ஆனாலும் நாட்டு நாய்கள் அழிந்துபோகவில்லை. 1980-களில் அரசு சைதாப்பேட்டையில் நாட்டு நாய்களுக்கென்று பண்ணை வைத்தது உண்மை. 2017-ல் எழுத்தாளர் தியடோர் பாஸ்கரன் இந்திய நாயினங்களைப் பற்றி ஆங்கிலத்தில் முழுப் புத்தகமே எழுதினார். 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் எங்கள் நாயைப் பெயர் சொல்லிப் பேசியதும் ஊரில் இரண்டு நாள் அதே பேச்சு. இவையெல்லாம் வருவதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே, எந்த ஈத்தில் எந்தக் குட்டி, அதன் தாய் யார் வீட்டு நாய், எதை எதோடு சேர்க்கலாம் என்பதை ஏட்டில் எழுதாமல் வாயிலேயே வைத்திருந்த ஆட்கள் இருந்தார்கள். குட்டியைக் காசுக்கு விற்காமல், நம்பிக்கையான வீடு பார்த்துக் கொடுத்த காலம் அது. கொடுத்த பிறகும் நாலு மாசத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருவார்களாம். "பொண்ணைக் கட்டிக்கொடுத்த மாதிரி" என்றார் பெரியவர்.

அந்த வாய்கள் காத்ததை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் பாதிக் கதைதான் சொன்னவளாவேன். பிச்சியின் காதைக் கெடுத்ததும் அதே ஆட்களின் ஆசைதான். உடம்புக்கு நிறம் கொடுக்கும் நிறமிச் செல்கள் உள்காதுக்கும் தேவை. அங்கே அவை இல்லையென்றால், பிறந்த சில வாரத்திலேயே ஒலியை வாங்கும் நுண்ணிய செல்கள் பட்டுப்போகும். டால்மேஷனுக்கும் இந்தக் குறை உண்டு. வெள்ளை நாயெல்லாம் செவிடு இல்லை. ஆனால் வெள்ளையையே பொறுக்கிப் பொறுக்கிச் சேர்க்கச் சேர்க்க, செவிடு விழுவதும் கூடும். ராஜபாளையம் நாயில் பழுப்பு மறையும் கருப்புப் புள்ளியும் எப்போதும் பிறந்துகொண்டுதான் இருந்தன. 'கலப்பு' என்று பெயர் வந்துவிடும் என்று பயந்து அவற்றை ஒதுக்கிவிட்டார்கள்.

ஒதுக்குவது என்றால் என்ன என்று ஒருநாள் பெரியவரிடம் கேட்டேன். மதியச் சாப்பாட்டு நேரம், கவுன்டரில் ஆள் இல்லை. அவர் இரண்டு உள்ளங்கைகளையும் கட்டைமேல் மல்லாத்தி வைத்தார். "கண் திறக்கறதுக்கு முந்தி, ஈரச் சாக்கில சுத்தி கிணத்துல போடுவோம். எங்கப்பா போட்டாரு. நானும் போட்டிருக்கேன் தாயி. ஒரு ஈத்துல மூணு." பிறகு ஆர்.டி. புத்தகத்தை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து போனார். நான் முத்திரைக் கட்டையை எடுத்து அன்றைய தபால்களைக் குத்த ஆரம்பித்தேன். வேறென்ன செய்யவென்று தெரியவில்லை.

கடைசியாக ஒன்றைச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். "பிச்சிக்குக் குட்டி எடுக்காதே. அழகாத்தான் இருக்கும், ஆனா செவிடு இறங்கும்." குட்டி வாங்கப் போகிறவர்களுக்கு அவர் சொன்ன சோதனையை நான் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன்: குட்டிகளை ஒன்றாக வைத்துக் கை தட்டாதீர்கள், செவிட்டுக்குட்டி மற்றதைப் பார்த்துத் திரும்பிவிடும். தனியாகத் தூக்கி வந்து, முதுகுக்குப் பின்னால், காற்று படாத தூரத்தில் சாவிக்கொத்தை ஆட்டிப் பாருங்கள். குட்டி ஐந்து வாரம் தாண்டியிருக்க வேண்டும்.

பிச்சி பன்னிரண்டு வருசம் இருந்தது. நான் ஆபீஸ் விட்டு வந்து திண்ணையில் ஒரு மிதி மிதித்தால், பின்கட்டிலிருந்து பாய்ந்து வரும். காவலுக்கு ஆகாது என்றார்களே, வாசலில் புதுக் கால் பட்டால் தரை அதிர்விலேயே எழுந்து நிற்கும்.

அது போவதற்கு ஒரு வருசம் முன்பு, நான் ஓய்வுபெறும் மாதத்தில் பெரியவர் வந்தார். ஆர்.டி. எப்போதோ முதிர்ந்து பணமும் வாங்கியாயிற்று; கணக்கு எதுவும் பாக்கியில்லை. துண்டுக்குள் எதையோ அணைத்துப் பிடித்திருந்தார். விலக்கிக் காட்டினார். வெள்ளைக் குட்டி, இடது கண்ணைச் சுற்றிக் கையளவு பழுப்பு மறை.

"மறையோட இருக்கே தாத்தா?"

"இருக்கட்டும் தாயி" என்றார். இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து அதன் முதுகுக்குப் பின்னால் ஆட்டினார். குட்டி திரும்பிப் பார்த்தது.