கை நீட்டிய இடம்

காரைக்காலில் அரசலாறு கடலில் விழும் இடத்துக்குச் சின்ன வயசில் ஆயா என்னைக் கூட்டிப்போகும். மணலில் நின்று கை நீட்டும். "இங்கனதான் நம்ம சனத்த கப்ப ஏத்துனாங்க. போனவன் ஒருத்தனும் திரும்பல." எதிரே வெறும் தண்ணீர். ஆனாலும் எனக்குக் கப்பல் தெரியும்.

1739 முதல் இது பிரெஞ்சுக்காரன் ஊர். 1848இல் அவனுடைய தீவுகளில் அடிமைமுறை ஒழிந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டியிருந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் தஞ்சைச் சீமைப் பண்ணையார், இந்தப் பக்கம் ஆள்பிடிகாரன். நடுவில் நம்ம சனம் எங்கே போகும்? கூலிகளோடு முதல் கப்பல் 1853இல் மர்த்தினிக்கில் இறங்கியது, 1854இல் குவாதலூப்பில். 1888இல் பிரிட்டிஷார் நிறுத்தும்வரை குவாதலூப்புக்கு மட்டும் 40,000 பேருக்கு மேல் போனார்கள். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஏற்றினார்கள்.

இவர்களுக்காக ஒரு கல் நட இடம் கேட்டு நாங்கள் சிலபேர் அலைந்தோம். "யாருக்குங்க கல்லு? பேரு என்ன?" என்றார்கள். பேர் இருந்தால் நாங்கள் ஏன் கல்லுக்கு அலைகிறோம்?

அந்தச் சமயத்தில்தான் 'ஆக்மென்டட் ரியாலிட்டி' என்கிற சங்கதியைப் படித்தேன். மிகை மெய்ம்மை என்கிறார்கள். செல்போன் கேமராவை ஓர் இடத்தில் பிடித்தால், அங்கே இல்லாத உருவம் அந்த இடத்தின் மேலேயே நிற்கும். 2010 அக்டோபரில் சாண்டர் வீன்ஹோஃப், மார்க் ஸ்க்வாரெக் என்ற இரண்டு கலைஞர்கள் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்குள் யாரையும் கேட்காமல் இப்படி ஒரு கண்காட்சியே வைத்துவிட்டார்கள். அனுமதி கேட்டுக் கேட்டுச் சலித்த நமக்கு இது இனிக்கத்தான் செய்கிறது. ஜான் கிரெய்க் ஃப்ரீமன் என்பவர் அமெரிக்க-மெக்சிகோ எல்லைப் பாலைவனத்தில், பிழைக்கப் போனவர்களின் உடல்கள் கிடந்த இடங்களில் எல்லாம் எலும்புக்கூடுகளை நிறுத்தினார். போனைப் பிடித்தால் அவை எழும்.

இந்தக் கலைக்கு மூலமான கருவியைப் பற்றி ஐவன் சதர்லாண்ட் எழுதிய கட்டுரை 1968 டிசம்பரில் அமெரிக்காவில் ஒரு மாநாட்டில் வந்தது. தலையில் மாட்டும் கருவி, கூரையிலிருந்து தொங்கும். அதே டிசம்பர் 25இல் பக்கத்துக் கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். அங்கே கண்ணால் பார்ப்பதற்கு எந்தக் கருவியும் வேண்டியிருக்கவில்லை.

மிகை மெய்ம்மைச் சிலையின் தலையை எவனும் உடைக்க முடியாது, வாஸ்தவம். கம்பிக்கூண்டும் வேண்டாம். ஆனால் கூண்டுக்குள் நின்றாலும் அம்பேத்கர் சிலை போகிறவன் வருகிறவன் கண்ணை உறுத்துகிறது. அதுதான் அதன் வேலை. இதுவோ விரும்பிப் போனைத் தூக்குகிறவனுக்கு மட்டும் தெரியும். நிறுவனக்காரன் கடையைச் சாத்தினால் அதுவும் போச்சு. அதனால் கல் கேட்பதை நாங்கள் விடவில்லை.

இருந்தாலும் எங்கள் தெருப் பையன் ஒருத்தன் கப்பல் படம் வரைந்துகொண்டிருக்கிறான். "எந்த எடத்துலண்ணே நிறுத்தணும்?" என்று கேட்டான். ஆயா செத்து இருபது வருஷம் ஆகிறது. அது நின்ற மணலில் போய் நின்று கையை நீட்டினேன்.