அடிபம்பின் கைப்பிடி
கெட்ட காற்றுதான் காலராவைப் பரப்புகிறது என்றே 1854இல் லண்டன் மருத்துவர்களில் பெரும்பாலோர் நம்பினார்கள். சாக்கடை நாறிய ஊரில் அது நியாயமாகவும் பட்டது. மருத்துவர் ஜான் ஸ்னோவோ 1849இலேயே தண்ணீரைச் சந்தேகித்தவர். லண்டனின் சோஹோ பகுதியில் காலராச் சாவு குவிந்தபோது வீடு வீடாக விசாரித்தார். பிராட் தெரு அடிபம்பைச் சுற்றியே மரணங்கள் நெருங்கிக் கிடந்தன. அதே தெருவின் காற்றைச் சுவாசித்தும் அந்தத் தண்ணீரைக் குடிக்காத பீர் ஆலைத் தொழிலாளர்களில் ஒருவரும் சாகவில்லை. தொலைவில் ஹாம்ப்ஸ்டெட்டில் அதை வரவழைத்துக் குடித்த மூதாட்டியோ இறந்தார். காற்றைக் கொண்டு இவ்விரண்டையும் எப்படி விளக்குவது? அந்த நீரை யாரும் எடுக்காதபடி அடிபம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. அதற்கு முன்பே நோய் தணியத் தொடங்கிவிட்டதே என்பது வலுவான ஆட்சேபம்தான். ஸ்னோவே அதை ஒப்புக்கொண்டார். ஆனால் அவர் வாதம் கைப்பிடியில் தொங்கவில்லை; யார் எந்தத் தண்ணீரைக் குடித்தார் என்ற கணக்கில் நின்றது. தனக்குப் பாதகமான தகவலையும் மறைக்காத அந்த நேர்மையே அவர்மீது எனக்கு மதிப்பைக் கூட்டுகிறது. 1858இல் அவர் இறந்தபோதும் காற்றுக் கொள்கையே கோலோச்சியது.