மிளகுத் தண்ணீரும் ஒரு துணிக்கடைக்காரரும்

(இணையவழி நேரலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

உங்களில் சிலருக்கு இப்போது காலை, சிலருக்கு நடு இரவு. எனக்கு இது இரண்டு இரவுப்பணிகளுக்கு நடுவில் கிடைத்த சாயங்காலம். இடையில் கொட்டாவி வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மார்த்தாண்டம் பக்கத்துக்காரி. நர்சிங் டிப்ளமோ முடித்து, பதினாறு வருடமாக அயர்லாந்தில் செவிலியாக இருக்கிறேன். ஒரு பள்ளிக்கூடம் கழித்துப்போட்ட நுண்ணோக்கி ஒன்றை எட்டு வருடம் முன்பு வாங்கினேன். மழைநீர்த் தொட்டியின் தண்ணீர், சுவர்ப்பாசி, புளித்த மாவு என்று கிடைத்ததையெல்லாம் பார்ப்பேன். பார்த்ததை நோட்டில் வரைவேன். “பன்னிரண்டரை மணி நேர வேலைக்குப் பிறகு இதற்கு எங்கிருந்து நேரம்?” என்று கேட்பார்கள். “இதனால் என்ன ஆகப்போகிறது?” என்றும் கேட்பார்கள். இரண்டாவதுதான் வலிக்கும்.

போன வருடம் எங்கள் வார்டுக்குப் புதிதாக வந்த பிள்ளைகளுக்கு, கை கழுவுவது பற்றி என் நுண்ணோக்கியை வைத்து ஒரு வகுப்பு எடுக்கச் சொன்னார்கள். மாட்டேன் என்றுவிட்டேன். அவர்கள் எல்லோரும் பட்டதாரிகள், நான் டிப்ளமோ. அந்த மறுப்பு உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது. அப்போதுதான் அந்தோனி வான் லீவன்ஹூக்கைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் 1632இல் பிறந்தவர். அப்பா கூடை முடைபவர். பதினாறு வயதில் ஆம்ஸ்டர்டாமில் ஒரு துணிக்கடையில் வேலை பழகப் போனார். 1654இல் ஊர் திரும்பிச் சொந்தக் கடை போட்டார். பல்கலைக்கழகத்தில் படித்தவரில்லை. அன்று அறிவியலின் மொழி லத்தீன். இவருக்குத் தெரிந்ததோ டச்சு மட்டும்.

துணியின் இழையை எண்ணிப் பார்க்க வியாபாரிகள் பூதக்கண்ணாடி வைத்திருப்பார்கள். அவருடைய ஆர்வம் அங்கிருந்து தொடங்கியிருக்கலாம் என்பார்கள். வேலைக்குப் பஞ்சமில்லை. 1660இல் நகர மன்றத்தின் அதிகாரிகள் கூடும் அறையைப் பராமரிக்கும் பொறுப்பு வந்தது. 1669இல் நில அளவையாளர் ஆனார். 1679இல் மதுப் பீப்பாய்களின் கொள்ளளவை அளக்கும் வேலையும் சேர்ந்தது. ஓவியர் வெர்மீர் இறந்தபின், 1676இல் அந்தக் குடும்பத்தின் கடன், சொத்து விவகாரங்களைக் கவனிக்க நகரம் நியமித்ததும் இவரைத்தான்.

இதற்கெல்லாம் இடையில்தான் வில்லைகள் செய்தார். கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு உலோகத் தகடு, அதன் துளையில் குண்டூசித் தலைபோல் ஒரு கண்ணாடி. அவருடைய நுண்ணோக்கி அவ்வளவுதான். கண்ணுக்கு மிக அருகில் பிடித்துப் பார்க்க வேண்டும். இன்று மிஞ்சியிருப்பவற்றில் ஒன்று 260 மடங்குக்கும் மேல் பெரிதாக்கிக் காட்டுகிறது.

மிளகு ஏன் உறைக்கிறது என்று அவருக்கு ஒரு சந்தேகம். மிளகைத் தண்ணீரில் ஊறப்போட்டார். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆறு கிளைகளில் ஒன்று டெல்ஃப்டில் இருந்தது. யாழ்ப்பாணத்தையும் நாகப்பட்டினத்தையும் 1658இல் பிடித்த அதே கம்பெனிதான். நம் கடல்வழியே போன சரக்கு அவருடைய மேசைக்கு வந்திருக்கிறது. நாம் ரசம் வைப்போம், அவர் உற்றுப் பார்த்தார். உறைப்புக்குக் காரணம் கிடைக்கவில்லை. கணக்கில்லாமல் நீந்தும் சின்னஞ்சிறு உயிர்கள் கிடைத்தன. மணல் துகளை அளவுகோலாக வைத்து அவற்றின் பருமனைக் கணக்கிட்டு, 1676 அக்டோபரில் லண்டன் ராயல் சொசைட்டிக்கு நீண்ட கடிதம் எழுதினார். டச்சு மொழியில்தான்.

லண்டனில் நம்பவில்லை. அவர் கோபித்துக்கொண்டு நிறுத்திவிடவில்லை. போதகர்களையும் ஊர்ப் பெரியவர்களையும் அழைத்துக் காட்டி, அவர்களிடம் சாட்சிக் கடிதம் வாங்கி அனுப்பினார். 1677 நவம்பரில் ராபர்ட் ஹூக் தானே மிளகுத் தண்ணீர் தயாரித்துச் சங்கத்தார் முன் காட்டினார். 1680இல் துணிக்கடைக்காரர் அந்தச் சங்கத்தின் உறுப்பினர் ஆனார். 1683இல் தன் பல்லிடுக்கில் சுரண்டி எடுத்த அழுக்கைப் பார்த்து எழுதினார். பாக்டீரியாவை மனிதர் வரைந்து வைத்த முதல் படங்கள் அந்தக் கடிதத்தோடு போயின.

இதுவரை படித்தபோது எனக்கு ஒரே உற்சாகம். பிறகு இரண்டு விஷயங்கள் கண்ணில் பட்டன.

முதலாவது, மரியா. அவருக்குப் பிறந்த ஐந்து பிள்ளைகளில் பிழைத்தவள் அவள் ஒருத்திதான். கல்யாணம் செய்துகொள்ளாமல் கடைசிவரை அப்பாவோடு இருந்து வீட்டைப் பார்த்துக்கொண்டாள். அவர் இரவில் வில்லை தேய்த்தார் என்றால், காலையில் அடுப்பு மூட்ட ஆள் இருந்தது. இதைப் படித்தபின் “நேரம் எங்கிருந்து வருகிறது?” என்ற கேள்விக்கு, “மனமிருந்தால் வரும்” என்று பதில் சொல்வதை விட்டுவிட்டேன். என் நேரம் என் கணவர் சமைக்கும் இரண்டு நாளிலிருந்தும், என் மாமியார் மடித்துவைக்கும் துணியிலிருந்தும் வருகிறது. பொழுதுபோக்கு இலவசமில்லை. யாரோ அதற்கு வேலை செய்கிறார்கள். அதை அவர்களிடம் சொல்லவாவது வேண்டும்.

இரண்டாவது விஷயம் இன்னும் கசப்பு. தன்னுடைய சிறந்த முறைகளை அவர் யாருக்கும் சொல்லித்தரவில்லை. வந்த விருந்தினருக்குச் சாதாரணக் கருவிகளைக் காட்டிவிட்டு, நல்லவற்றை ஒளித்துவைத்தார். மாணவர் யாரையும் பழக்கவில்லை. 1723இல் தொண்ணூறு வயதில் இறந்தபோது, அதே கூர்மையோடு வேலையைத் தொடர ஆளில்லை. வியன்னாவில் செம்மல்வைஸ் மருத்துவர்களைக் கை கழுவச் சொன்னது 1847இல். கிருமியே நோய்க்குக் காரணம் என்று பாஸ்டரும் கோக்கும் நிறுவியது அதற்கும் பிறகு. லீவன்ஹூக் நோயையும் அந்த உயிர்களையும் முடிச்சுப் போட்டுப் பார்த்தவரில்லை. ஆனால் அவரிடம் பத்துப் பேர் கற்றிருந்தால், அவர்களில் ஒருவராவது அந்த முடிச்சைப் போட்டிருப்பாரோ என்று, கை கழுவுவதையே தொழிலாகக் கொண்ட நான் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மிஞ்சியிருக்கும் அவருடைய சிறந்த வில்லையை, தகட்டைப் பிரிக்காமல் நியூட்ரான் கதிர்கள் வழியே ஆராய்ந்து 2021இல் முடிவு வெளியிட்டார்கள். அது கண்ணாடியை உருக்கிச் செய்த சிறு உருண்டை. ஹூக் தன் புத்தகத்தில் ஊருக்கெல்லாம் எழுதிவைத்த முறையும் அதுதான். ஒளித்துவைத்தவரே வெளிப்படையாகச் சொன்ன ஒருவரிடமிருந்து கற்றிருக்கலாம்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது கடிதங்களைத்தான். ஐம்பது வருடம், கையில் இருந்த மொழியில், பார்த்ததைப் பார்த்தபடி எழுதினார். அந்தக் கடிதங்கள் மட்டும் இல்லையென்றால், அவருடைய வில்லைகளோடு எல்லாமே போயிருக்கும். கடைசி நாட்களில் தன் உதரவிதானம் துடிப்பதைக்கூட ஒரு நோயாளியின் குறிப்பேடுபோல எழுதி அனுப்பினார். இன்றும் அந்தக் கோளாறுக்கு அவர் பெயர் இருக்கிறது. நோயாளிகளின் குறிப்பை எழுதியே கை தேய்ந்த எனக்கு, அந்த இடத்தில் கண் கலங்கிவிட்டது.

வார்டில் போய், வகுப்பு எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அடுத்த மாதம் நடக்கிறது. நுண்ணோக்கியோடு ஒரு கைப்பிடி மிளகும் எடுத்துப்போகப் போகிறேன். நான்கு நாள் முன்பே ஊறப்போட வேண்டும், மறந்துவிடக்கூடாது. இந்த உரைக்காக நேற்று இரவு மாவு அரைத்துவைத்த என் மாமியாருக்கு முதல் நன்றி.